கருவாடு காத்த இடம்

"மெஷின் எங்க, மொதலாளியம்மா?" என்று லீஸ் கம்பெனி ஆள் கேட்டபோது, குக்ஜா அவனுடைய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷினைப் பறித்துப்போக வருகிறவன் எப்படி இருப்பான் என்று இரவெல்லாம் யோசித்திருந்தாள். இவ்வளவு ஒல்லியாக இருப்பான் என்று நினைக்கவில்லை.

"எந்த மெஷினு?"

"கொழுக்கட்டை பிடிக்கிற மெஷின். எங்க கம்பெனியோடது. மூணு தவணை நின்னுபோச்சு."

மொக்போ ஊர்ச் சந்தையில் அவள் கடை. வீட்டுக்கு வீடு கொழுக்கட்டை படைக்கிற சுசொக் அறுவடைப் பண்டிகை நெருங்கிவிட்டது. சந்தையில் பாதிப்பேர் அவளிடம்தான் கொழுக்கட்டைக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். இந்த வியாபாரம் போனால் கடையே போன மாதிரி. அதனால்தான் முந்தின நாளே மெஷினைச் சந்துக்கோடி சலவைக்கடை பியோவிடம் ஒளித்துவைக்கக் கொடுத்திருந்தாள். யோசனையே அவனுடையதுதான். "இதுகூடச் செய்யலேன்னா நான் என்னக்கா தம்பி?" என்று தானே வண்டி கொண்டுவந்து இழுத்துப்போனான்.

"அப்படி எதுவும் இங்க இல்லியே தம்பி. நான் கையாலதான் பிடிக்கறேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். வெற்றுச் சுவரில், வெள்ளை நூல் சுற்றிய கருவாடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

புது மெஷின் வந்தால், கெட்டது அண்டாமலிருக்க அதன் தலைக்கு மேல் கருவாடு கட்டுவது அங்கே வழக்கம். கட்டியதை அவிழ்த்தால் கடைக்கு ஆகாதென்று, குக்ஜா மெஷினை மட்டும் அனுப்பியிருந்தாள்.

"கைக்கா கருவாடு கட்டினீங்க?"

"அது... மெஷின் திருடுபோயிடுச்சு."

"அடடா! அப்ப உடனே போலீஸுக்குச் சொல்லணுமே." போனை எடுத்தான்.

"வேணாம், வேணாம்! திருடெல்லாம் போகல. வித்துட்டேன்."

அவன் குரல் தணிந்தது. "வாடகைக்கு இருக்கற வீட்டை வித்த மாதிரிம்மா இது. தவணை நின்னா கடன்தான். அடுத்தவங்க பொருளை வித்தா ஜெயிலு."

குக்ஜாவுக்குப் பயத்தைவிட வியப்புதான் அதிகமாக இருந்தது. எத்தனை வருடமாகத் தன் கையால் துடைக்கிற இரும்பு! அது முனகுவதை வைத்தே மாவுக்குத் தண்ணீர் போதுமா என்று சொல்லிவிடுவாள். புருஷனைக்கூட அவ்வளவு கவனித்துக் கேட்டதில்லை. அத்தனை நாளும் அது இன்னொருவருடையதாகவே இருந்திருக்கிறது. இந்தப் பொய்களுந்தான் யாருடையவை? கேட்காமலே ஒன்றன்பின் ஒன்றாக வாய்க்கு வந்து நிற்கின்றனவே.

"உண்மையைச் சொல்லிடறேன் தம்பி. சலவைக்கடையில இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க."

அவன் சிரித்துவிட்டான். "எடுக்க யாரு வந்தா? நீங்க கொழுக்கட்டை வித்தாத்தானே எங்களுக்குப் பணம் வரும்! பண்டிகை முடியட்டும்னு மேல ஒத்துக்கிட்டாங்க. மெஷின் இடத்துல இருக்கான்னு ஒரு போட்டோ எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

குக்ஜா மாவுக் கையோடு ஓடினாள். அவனும் பின்னாலேயே ஓடினான்.

சலவைக்கடை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. துவைக்கிற மெஷின் இல்லை, இஸ்திரி மேஜை இல்லை. நடுவில் அவளுடைய மெஷின் மட்டும், கோர்ட்டின் சிவப்பு ஜப்திச் சீட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"என்னடா இது, பியோ?"

"என் கடனுக்கு இன்னிக்குக் காலையில அமீனா வர்றாருன்னு தெரியும்க்கா. என்னோடதையெல்லாம் மச்சான் வீட்டுல ஒளிச்சுட்டேன்." பியோ தலையைச் சொறிந்தான். "வந்தவரு ஒட்டறதுக்கு ஏதாவது ஒண்ணு இருக்கணுமேன்னுதான் உங்க மெஷினைக் கேட்டு வாங்கினேன்."