பீரோவில் பூட்டி வைத்த சார்ஜ்

கூத்தாநல்லூர்,
14.11.2008

ஷார்ஜாவில் இருக்கும் அன்பு மருமகன் ஹஸ்ஸானுக்கு மாமா பக்கீர் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் இங்கே நாங்களும் உங்கள் மகன் ஜாஃபர் சாதிக்கும் சுகம். அங்கே நீங்களும் சுகமாயிருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறோம்.

பிள்ளை பிறந்து இருபத்திரண்டு நாளாகியும் பெற்றவர் நீங்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லையே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்றம் என்னுடையதுதான். நீங்கள் கொடுத்தனுப்பிய டிஜிட்டல் கேமராவின் பேட்டரிகளைப் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே சார்ஜ் ஏற்றிவிட்டேன். கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? ஏற்றியதைத் துணியில் சுற்றி, உங்கள் மாமி ஹலீமாவின் காசுமாலைக்குப் பக்கத்தில் வைத்து, பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏழாம் நாள் முடி இறக்கும்போது, பாதித் தலை ஆனதும் "நில்லுங்க!" என்று நாவிதரை நிறுத்திவிட்டு அமுக்கினால், கேமரா மூக்கை வெளியே நீட்டியது, என்னை ஒரு பார்வை பார்த்தது, உள்ளே இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான், மௌத்து! பூட்டின பீரோவுக்குள்ள இருந்த சார்ஜை யாரு எடுத்ததுன்னு வீட்டையே நிறுத்தி வச்சுக் கேட்டேன். "ஆமா, நான்தான் எடுத்து ரசத்துல போட்டேன்"ங்கிறா உங்க மாமி. வெயிலில் கடைத்தெருவுக்கு ஓடி, எந்த பேட்டரிமேல் போட்ட சக்தி நம்பர் பெரிசோ அதை வாங்கிக்கொண்டு வந்தால் கரண்ட் இல்லை, நாவிதர் இல்லை, முடியும் இல்லை.

கரண்ட் வந்ததும் ஏற்றினேன். புதுச்சட்டை தைத்து வரட்டும் என்று பத்து நாள் அதே பீரோவில் வைத்தேன். மறுபடியும் மௌத்து. சண்டை போடக் கடைக்குப் போனால், கடைக்கார இளையபெருமாள் சிரிக்கிறார். "நம்பரைப் பாத்து ஏமாறாதீங்க பாய். வரப்புல நண்டுவளை இருந்தா எவ்வளவு தண்ணி பாய்ச்சி என்ன? இந்த மாதிரி பேட்டரி சும்மா வச்சிருந்தாலே சார்ஜ் கசியும். புதுசா ஒண்ணு வந்திருக்கு, மாசக்கணக்கா வச்சிருந்தாலும் பெருசா இறங்காது. சார்ஜ் ஏத்தியே விக்கிறாங்க." இதை முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா!

அந்தப் புதுசை வாங்கிப் போட்டேன், இன்று காலையில் மட்டும் அறுபத்தோரு படம். தூங்குவது, அழுவது, என் சட்டையை நனைப்பது, எல்லாம் இத்துடன் அனுப்பும் சி.டி.யில் இருக்கிறது. மூக்கு என் மூக்கு, மறுக்க வேண்டாம். உங்கள் உழைப்பில் பரக்கத்தும் உடம்பில் வலுவும் அல்லாஹ் தரட்டும்.

இப்படிக்கு, பெருமை தாங்காத
மாமா

பி.கு.: உறையை ஒட்டப்போனபோது என் மகள், உங்கள் சாஜிதா, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டாள். பிறந்த மறுநாளே நர்ஸம்மா செல்போனில் எடுத்த படம் உங்களுக்கு வந்துவிட்டதாமே! ரூமில் எல்லாருக்கும் காட்டி அழுதீர்களாமே! "மாமாகிட்ட சொல்லிடாதே, டாக்டர் அஞ்சு வருஷமா சொல்லியும் நடக்காத மனுஷர், பேட்டரிக்காகவாவது நடக்கட்டும், சுகர் இறங்கும்"னு அவகிட்ட போன்ல சொன்னதும் நீங்கதானாமே! உங்கள்மேல் கடுங்கோபத்தில் இருக்கிறேன். நேற்றுதான் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். இறங்கியிருக்கிறது.