காத்தமுத்து வெளுத்த சீவரம்

கொடியில் பால் வெள்ளையாய் ஆடிக்கொண்டிருந்த துணியைப் பார்த்ததும் காத்தமுத்துவின் மனைவி வடிவம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க! இது மடத்துச் சாமி போர்த்துற காவித் துணியில்ல?”

அதுவரை காத்தமுத்துவுக்குத் தன் வேலையில் பெருமை தாங்கவில்லை. காலையில் பினாங்கின் ஆயர் ஈத்தாம் ஆற்று வண்ணாந்துறைக்கு அவர் வந்தபோது, துவைகல்லின் மேல் ஒரு மூட்டை இருந்தது. உள்ளே பழுப்பேறிய பெரிய துணி ஒன்று. வெள்ளையாக இல்லாத எந்தத் துணியும் அவர் கண்ணுக்கு அழுக்குத் துணிதான். சோடா போட்டு இரண்டு தடவை வெள்ளாவி வைத்து, ஆசை தீர அடித்துத் துவைத்துவிட்டார்.

“கறைன்னு நெனச்சேன் வடிவு.”

“கறையா! பிக்குங்க வெள்ளை உடுத்தக் கூடாது, அது சம்சாரிங்க உடுத்துறது. சாயந்திரம் மடத்துல புத்தர் விசாகக் கூட்டம், ஐந்நூறு பேரு வருவாங்க. இனிமே பினாங்குல எவன் உங்களை நம்பித் துணி போடுவான்?”

அந்தக் கேள்வியில்தான் காத்தமுத்துவுக்குப் பாதி உயிர் போயிற்று. அவருக்கு நிலமா, நகையா? இருபது வருஷமாக அடித்துத் துவைத்துச் சம்பாதித்த பெயர் ஒன்றுதான் உண்டு.

“அழாதே. மஞ்சளை அரை. முக்கி எடுத்துடுவோம்.”

முக்கினார்கள். துணியில் சோடா இன்னும் மிச்சமிருந்தது. மஞ்சள் பட்டதும் ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்துவிட்டது.

“ஐயையோ, கொலை விழுந்த வீட்டுத் துணியாட்டம் இருக்கே!”

“புளிப்புப் பட்டா மஞ்சளாயிடும். நீ பாசாருக்கு ஓடுலா, எலுமிச்சம்பழம் ஒரு கூடை வாங்கிட்டு வா!”

பிழிந்தார்கள். சாறு விழுந்த இடம் மஞ்சள், விழாத இடம் சிவப்பு, ஒரு மூலை மட்டும் பிடிவாதமாக வெள்ளை. பொழுது சாய்ந்துவிட்டது. ஈரம் காயாத துணியை மடித்துக்கொண்டு காத்தமுத்து மடத்துக்கு நடந்தார். வடிவம்மாளும் பின்னால் போனாள்.

பிக்கு இலங்கைக்காரர். யாழ்ப்பாணத்தில் நெடுநாள் இருந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. அவர் துணியைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார். முகத்தில் இருப்பது கோபமா சிரிப்பா என்று காத்தமுத்துவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“காலையிலை இது என்ன நிறம்?”

“காவி, சாமி.”

“பிறகு?”

“வெள்ளை. அப்புறம் சிவப்பு. இப்ப... நீங்களே பாக்கறீங்களே.”

பிக்கு அதைப் போர்த்திக்கொண்டு கூட்டத்தின் முன் போய் உட்கார்ந்தார். சனங்கள் குசுகுசுத்தார்கள். வடிவம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இந்தச் சீவரம் இண்டைக்கு ஒரு நாளிலை நாலு கோலம் கண்டிட்டுது,” என்றார் பிக்கு. “இதிலை எது இதின்ர சொந்த நிறம்? உடம்பும் இப்பிடித்தான், மனமும் இப்பிடித்தான். நான், என்ர எண்டு பிடிச்சு வைக்க ஒண்டுமில்லை. மாறுறதை மாறாதே எண்டு பிடிச்சுத் தொங்கிறம், அதுதான் துக்கம். பிடியை விட்டால் துக்கமும் விடும்.”

“சாது! சாது!” என்று கூட்டம் ஆமோதித்து முழங்கியது.

“இதைத் துவைச்சவர் எங்கை? மேடைக்கு வாரும்!”

காத்தமுத்துவின் கழுத்தில் பூமாலை விழுந்தது. பெரிய கடை முதலாளியான சீனத் தவுக்கே ஒருவர் கும்பிட்டார். அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. “நாலு நிறமும் நான் போட்டதுதான்!” என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே மேடையை விட்டு இறங்கினார்.

மடத்தில் சமைக்கும் நல்லம்மாள் கண்ணைத் துடைத்தபடி ஓடி வந்தாள்.

“காலையில உங்களைக் காணோம்னு மூட்டையைக் கல்லு மேல வெச்சுட்டுப் போனது நான்தான் அண்ணே. நீங்க நல்லா இருக்கணும், சாமி இங்கேயே இருக்கேன்னுட்டாரு!”

“ஏன், எங்கே போறதா இருந்தாரு?”

“துறவை விட்டுட்டு ஊருக்குப் போறேன்னு இன்னைக்குக் கூட்டத்துல சொல்றதா இருந்தாரு அண்ணே, அதுக்கு உடுத்தத்தான் அந்தக் காவியை வெள்ளையா வெளுத்து வாங்கிட்டு வரச் சொன்னாரு!”