ஜோடியாக வந்த ஆமைகள்

கடல் இல்லாத ஊருக்குக் குடிபோன சென்னைக்காரனுக்கு ஒரு வியாதி வரும். வங்காள விரிகுடா தன் பாட்டன் சொத்து என்று நினைத்துக்கொள்வான். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. ஹைதராபாத் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. யாராவது "பீச்சுக்குப் போயிருந்தோம்" என்று வாயெடுத்தால் போதும், தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, "நாங்கெல்லாம் பீச்சுலயே வளர்ந்தவங்க" என்பேன். வளர்ந்தது மாம்பலத்தில். கடலோடு எனக்கு இருந்த உறவு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணுக்கால் ஆழம், கையில் சுண்டல் பொட்டலம். நீச்சல் தெரியாது. அலை கொஞ்சம் பெரிதாக வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன்.

மூன்று வருஷங்களுக்கு முன், என் மகள் மீரா ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, ஹப்சிகுடாவில் இருக்கும் அவள் பள்ளி ஒரு பயணம் அறிவித்தது. ஆந்திரக் கடற்கரையில் மூன்று நாள், கடலாமைப் பாதுகாப்பு. விளக்கக் கூட்டத்துக்கு வந்த பெற்றோர்களின் ஆமைப் பாசத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர், ஆமை கட்டாயம் தெரியுமா, தெரியாவிட்டால் பணம் திரும்புமா என்று கேட்டார். இன்னொருவர், இந்தச் சான்றிதழ் அமெரிக்காவில் செல்லுமா என்றார். கடலைப் பிளாஸ்டிக்கிலிருந்து காப்பாற்றச் சொல்லும் டி-ஷர்ட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் வந்து இறங்கியிருந்தன.

துணைக்கு ஒரு பெற்றோர் வர வேண்டும் என்று சுனீதா டீச்சர் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். "நான் கடற்கரை ஊர்க்காரன். ஆமையெல்லாம் எங்களுக்குப் புதுசு இல்லை" என்றேன். (பார்த்த ஒரே ஆமை வண்டலூரில். அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.) கைதட்டினார்கள்.

வீட்டில் மீரா கெஞ்சினாள். "நக்கோப்பா. வேண்டாம், ப்ளீஸ். நீ வந்தா பேசுவ."

"பேசினா என்ன தப்பு?"

"பேசிட்டே இருப்ப."

"அவதான் சொல்றாளே, விட்டுத் தொலைங்களேன்" என்றாள் என் மனைவி வசந்தி. நான் விடவில்லை. நெற்றியில் கட்டும் விளக்கும் கழுத்தில் தொங்கும் விசிலும் வாங்கினேன்.

போய்ச் சேர்ந்த இடத்தில் அப்பாராவ் என்ற ஆமைக் காவலர் இருந்தார். ஐம்பது வயது, ஒல்லி. அவர் குடிசைக்குப் பக்கத்தில் வலைபோட்டு மூடிய மணல் பாத்திகள். ஆமை இரவில் கரையேறி, குழி தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். விடியற்காலையில் தடத்தைப் பார்த்து முட்டைகளை எடுத்து இந்தப் பாத்திகளில் புதைக்க வேண்டும். தாமதித்தால் நாய்கள் முந்திக்கொள்ளும். வேலை அவ்வளவுதான். அப்பாராவ் தெலுங்கில் இரண்டே விதி சொன்னார். தடத்தைப் பார்த்தால் அங்கேயே நின்று என்னைக் கூப்பிடுங்கள். யாரும் தோண்டாதீர்கள்.

எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு விடியற்காலை ஒதுக்கியிருந்தார்கள். ஒன்பது பிள்ளைகள். தலைவி மீரா. ஒரு மாதமாகத் தடங்களை நோட்டில் வரைந்து பழகியிருந்தாள். சுனீதா டீச்சர் மற்ற பிள்ளைகளோடு வடக்கே போய்விட்டார். அப்பாராவ் வாளி எடுத்து வருகிறேன், மெதுவாக நடங்கள் என்றார். நான் மெதுவாக நடக்கவில்லை. விசில் வேறு ஊதினேன்.

கால் மணி நேரம் போயிருப்போம். மீரா நின்றாள். "அப்பா, இங்க பாரு."

ஈர மணலிலிருந்து மேட்டை நோக்கி மங்கலாக ஒரு தடம். யாரோ சாக்கு மூட்டையை இழுத்துப் போனதுபோல் இருந்தது. மேட்டில் தாழம்புதருக்குக் கீழே மணல் கொஞ்சம் கலைந்திருந்தது. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. ஹைதராபாத்திலிருந்து ராத்திரி பூரா ரயிலில் வந்தது இதற்கா?

அப்போதுதான் நான் அதைக் கண்டேன். ஐம்பது அடி தள்ளி, கடலிலிருந்து கிளம்பி, கரையோடு வளைந்து தெற்கே போகும் இரண்டு பிரம்மாண்டமான தடங்கள். ஆழமாக, அழுத்தமாக, துடுப்புத் துடுப்பாக வரி விழுந்தவை. பக்கத்தில் பக்கத்தில், ஒரே இடைவெளியில், கோடு போட்டதுபோல.

"பார்த்தீங்களா! இதுதான் ஆமை" என்றேன்.

"ரெண்டு இருக்கே அங்கிள்?" என்றாள் ஒரு பெண்.

அறிவாளி ஒரு கணம் தயங்க வேண்டிய இடம் இது. நான் தயங்கவில்லை. "ஜோடியா வந்திருக்கு" என்றேன்.

மீரா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "அப்பா, ஆண் ஆமை கரைக்கே வராது. பொறந்ததும் கடலுக்குப் போனா அவ்ளோதான்."

"புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருப்பான். நான் கடலைப் பார்த்து வளர்ந்தவன்."

"இது ரொம்ப ஸ்ட்ரெய்ட்டா இருக்குப்பா. ஆமை இப்படி நடக்காது."

"பெரிய ஆமை அப்படித்தான் நடக்கும்."

மற்ற எட்டுப் பேரும் என் பக்கம். (பெரிய ஆமை என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது?) மீரா, "நீங்க போங்க, நான் அப்பாராவ் அங்கிள் வர்ற வரைக்கும் இங்கயே நிக்கிறேன்" என்றாள். அந்தக் காலையில் யார் வாயிலிருந்தும் வந்த ஒரே புத்திசாலித்தனமான வாக்கியம் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குழுவை விட்டுப் பிரியக் கூடாது. அது ரூல்." எல்லா விதியையும் மீறிக்கொண்டிருந்தவன் அவளுக்கு மட்டும் ஒரு விதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

தம்பதிகளைப் பின்தொடர்ந்து ஒரு கிலோமீட்டர் நடந்தோம். ஒரு மேட்டருகே தடங்கள் வட்டமடித்து மணலைக் கிளறியிருந்தன. "இங்கதான் இடம் தேடியிருக்கு" என்று கிசுகிசுத்தேன். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தேன். முழங்கால் போட்டு, தடத்தின் அகலத்தைச் சாண் போட்டு அளந்தேன். இரண்டு சாண். ஒரு பையன் போட்டோ எடுத்தான். "இந்தக் கடற்கரையிலேயே பெரிய ஆமையா இருக்கும்" என்று அவனுக்காக ஒரு தடவை திருப்பிச் சொன்னேன். பிறகு, தோண்டக் கூடாது என்பதெல்லாம் அனுபவம் இல்லாதவர்களுக்கு என்று அறிவித்துவிட்டுத் தோண்டினேன்.

முழங்கை ஆழத்தில் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. மெத்தென்று இருந்தது. "அசையாதீங்க" என்றேன். பத்து பேரும் மூச்சை அடக்க, பயபக்தியோடு வெளியே எடுத்தேன். ஒற்றை ரப்பர் செருப்பு.

மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏமி வெதுகுதுன்னாரு சார்?" என்ன தேடுகிறீர்கள் என்று. வாயில் வேப்பங்குச்சியோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால், தண்ணீரிலிருந்து இழுத்து வந்த படகு ஒன்றும், அதை இழுத்து வந்த டிராக்டர் ஒன்றும் நின்றிருந்தன. அவர் டிராக்டரின் சக்கரத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். மணலில் பதிந்த வரிகளைப் பார்த்தார். எனக்குச் சேர வேண்டிய கௌரவத்தை முழுசாகக் கொடுக்கிற மாதிரி மெதுவாகச் சிரித்தார்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீரா சிரிக்கவில்லை. வந்த வழியே ஓட ஆரம்பித்திருந்தாள். தூரத்தில் நாய் குரைக்கும் சத்தம்.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது தாழம்புதருக்குக் கீழே அப்பாராவ் வாளியை வீசி மூன்று நாய்களை விரட்டிக்கொண்டிருந்தார். குழி பிளந்து கிடந்தது. சுற்றிலும் வெள்ளைத் தோல்கள், மஞ்சள் கரு ஒட்டிய மணல். மீரா முழங்காலில் உட்கார்ந்து, மிச்சமிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக, புரளாமல் எடுத்து வாளியில் வைத்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் தப்பித்தன. அப்பாராவ் என்னைத் திட்டவில்லை. "மீரு கூர்ச்சோண்டி சார்" என்றார். உட்காருங்கள். அதைவிடப் பெரிய வசவை நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை.

ரயிலில் மீரா மேல் பெர்த்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் அம்மாவிடம் பதில் சொன்னாள். வசந்தி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "செருப்பு எந்தக் காலோடது?" என்று மட்டும் விசாரித்தாள்.

பத்து நாள் கழித்து மீராவே வந்து நின்றாள். "அப்பா, உன் போட்டோ ஒண்ணு ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு யூஸ் பண்ணிக்கட்டுமா?"

மகள் பேசிவிட்ட சந்தோஷத்தில் எந்தப் போட்டோ என்றுகூடக் கேட்கவில்லை. தாராளமாக என்றேன்.

கண்காட்சியில் அவள் ஒட்டியிருந்த அட்டையில் இரண்டே படங்கள். இடப்பக்கம், மங்கலான ஒற்றைத் தடம். கீழே: ஆமை. வலப்பக்கம், டயர் தடத்தைச் சாண் போட்டு அளக்கும் ஒரு நடுத்தர வயது மனிதர், முகத்தில் ஞானம் வழிய. கீழே: ஆமை அல்ல. அதற்கும் கீழே சிவப்பு மையில், காவல் குழு வலப்பக்கம் இருந்த நேரத்தில் இடப்பக்கத்துக்கு நாய்கள் வந்தன என்று ஒரு வரி. என் பெயர் எங்கும் இல்லை. பெருந்தன்மைதான்.

"பேரு போடலையேன்னு பார்க்கிறியா? நீயே பக்கத்துல நின்னு வர்றவங்களுக்கு எக்ஸ்ப்ளெய்ன் பண்ணு" என்றாள். நின்றேன். இரண்டு மணி நேரம்.

அது ஒரு நாளோடு முடியவில்லை. ஒவ்வொரு பிப்ரவரியும், புது அணி கடற்கரைக்குக் கிளம்பும் முன், சுனீதா டீச்சர் போன் செய்கிறார். "படத்தைவிட நேர்ல பார்த்தா பசங்களுக்கு நல்லாப் பதியுது சார்." போகிறேன். அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மீரா இப்போது இன்டர் இரண்டாம் வருஷம், அதாவது நம்ம ஊர் பிளஸ் டூ. இதற்காகவே லீவு போட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்கிறாள். பிள்ளைகள் சிரித்து முடித்ததும் யாராவது ஒருவர் தவறாமல் கை தூக்குவார்கள்: "அங்கிள், உங்க பொண்ணு சரியாத்தானே சொன்னாங்க, ஏன் கேக்கல?"

வருஷத்துக்கு ஒரு பதில் சொல்லிப் பார்க்கிறேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டோவில் மீரா மார்க் போடுவாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் வசந்தியிடம் ரிசல்ட் அறிவிக்கப்படும். முதல் வருஷம் வெளிச்சம் போதவில்லை என்றேன். பூஜ்யம். அடுத்த வருஷம், அனுபவக் குறைவு என்றேன். ஒன்று.

இந்த வருஷம், "நான் பேசிக்கிட்டு இருந்தேன்மா, அதனால கேக்கல" என்றேன்.

பத்துக்கு நாலு. இதுவரை வாங்கியதில் அதுதான் அதிகம்.