மூணு தபாவின் மூன்றாவது பள்ளம்

சிட்லபாக்கத்தில் எங்கள் மாடியில் குடியிருந்த மனிதரைப் போல ஒரு சந்தேகப் பிராணி இந்தப் பூமியில் இன்னொருவர் கிடையாது. வேறு பூமியில் இருக்கலாம். அதையும் அவர்தான் தேடிக்கொண்டிருந்தார்.

திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் செக்கிங் வேலை. எதையும் மூன்று முறை அளக்காமல் விடமாட்டார் என்பதால் பட்டறையில் வைத்த பெயர் 'மூணு தபா'. என் மனைவி தினமும் கொடுத்தனுப்பிய சாம்பாரைப் பற்றி இரண்டு நாள் மூச்சுவிடவில்லை. மூன்றாம் நாள் கிண்ணத்தோடு இறங்கி வந்தார்.

"அக்கா, மூணு தபாவும் ஒரே டேஸ்ட்டு. இப்ப சொல்றேன், சூப்பரா கீது!"

ஞாயிறானால் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். விண்வெளியில் ஒரு தொலைநோக்கி நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளந்து அனுப்புகிறது. அந்தக் கோட்டுப் படங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நட்சத்திரத்துக்குக் குறுக்கே ஒரு கிரகம் போனால் வெளிச்சம் துளி குறைந்து, கோட்டில் ஒரு பள்ளம் விழும்.

ஒரு நாள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கினார். "சார்! சின்ன ஸ்டார் ஒண்ணு. ரெண்டு பள்ளம் வுழுந்துகீது. கிரகமா இருந்தா நம்ம பூமி சைஸுதான். அங்க தண்ணி கூட நிக்கலாம்!"

"நின்னா வடியுமா?" என்றாள் மனைவி. மழைக்காலத்தில் எங்கள் தெருவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும்.

"உடனே எல்லாருக்கும் சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"இன்னா சார் நீ! ஒரு தபான்னா மெஷின் கோளாறு. ரெண்டு தபான்னா தற்செயல். அதே நாள் கேப்புல மூணாவது வந்தாத்தான் கிரகம்."

அடுத்த படம் வர ஒரு மாதம். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடத் தேடலில் இரண்டாவது பள்ளம்வரை வந்ததே இதுதான் முதல் முறை. படம் வந்த அன்று எங்களையும் மாடிக்கு அழைத்தார். மூன்றாவது பள்ளம் விழ வேண்டிய இடத்தில் பள்ளமும் இல்லை, கோடும் இல்லை, வெறும் வெள்ளை. அந்த நேரம் பார்த்துத் தொலைநோக்கி, அளந்ததையெல்லாம் அனுப்புவதற்காகப் பூமிப் பக்கம் திரும்பியிருக்கிறது. பிறகு வானத்தின் வேறு பகுதிக்குப் போய்விட்டது.

அவர் அந்த வெள்ளையை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தார், அப்புறம் சிரித்தார். "வூட்டுக்குப் போன் பண்ணத் திரும்பிகீது சார். அத்தப் போய்த் திட்ட முடியுமா? மறுபடி அந்தப் பக்கம் வராமலா பூடும்?"

பிறகு வேலை மாறி ஒரகடம் பக்கம் போய்விட்டார். போய் மூன்று மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிறு வந்தார். அதிலிருந்து சரியாக மூன்று மாதம் கழித்து இன்னொரு ஞாயிறு. இரண்டு முறையும் சாம்பாரைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எங்களை மறக்கவில்லை என்று நம்ப ஆசைதான். ஆனால் அவர் சட்டப்படி இரண்டு தபா என்பது தற்செயல். இந்த ஞாயிறோடு அடுத்த மூன்று மாதம் முடிகிறது. மனைவி காலையிலேயே பருப்பை வேகவைத்துவிட்டாள். நான் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.