கோச் பெயரில் எரிந்த நூல்

எங்கள் பாலாறு கால்பந்துக் கழகம் ஆடுகிற மேட்ச்சுக்கு நாற்பது பேர் வந்தால் அதிசயம். அதிலும் பாதிப் பேர் ஆட்டக்காரர்களின் சொந்தக்காரர்கள், நாலு பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே மைதானத்தில் இரண்டாயிரம் பேர். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோக்கள் ஆளை அள்ளிக்கொண்டு வந்து கொட்டின. வாலாஜாபாத்திலிருந்து வேனே பிடித்து வந்திருந்தார்கள். ஏதோ பெரிய டீம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அன்றைக்கு மேட்ச்சே கிடையாது. கோச் ஜோசுவாவை நடு சீசனில் வீட்டுக்கு அனுப்பலாமா, வேண்டாமா என்று நூல் சித்தர் நூலைக் கொளுத்திப் பார்த்துச் சொல்லப் போகிறார். கூட்டம் அதற்குத்தான்.

நான் தினகரன், கழகத்துக்கு மைக் பிடிக்கிறவன். “சாமி வந்துக்கினு இருக்குது, வழி விடுங்கப்பா” என்று தொண்டை கிழியக் கத்தியவனும் நான்தான். ஆகவே இந்தக் கதையில் முட்டாள்கள் என்று வருகிற இடத்திலெல்லாம் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மாவட்ட லீக்கில் ஏழு ஆட்டம் முடிந்திருந்தது. ஆறில் தோல்வி. ஒன்று மழையால் பாதியில் நின்று ஆளுக்கொரு பாயிண்ட் கிடைத்தது. அந்த சீசனில் எங்களுக்காக ஒழுங்காக ஆடியது மழை மட்டும்தான். இன்னும் ஐந்து ஆட்டம் பாக்கி. கடைசி இடத்தில் முடித்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

கழகத் தலைவர் குப்புசாமி பட்டுக்கடை முதலாளி. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு புடவையைக் கையில் கொடுத்தால், அசலா கலப்படமா என்று தொட்டே சொல்லிவிடுவார். அந்த ஒரு விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சித்தரைத்தான் கேட்பார்.

சித்தர் முசரவாக்கம் பக்கம் வந்து குடியேறி மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. தாடி இருந்தால் பூர்வீகம் கேட்பது மரியாதை இல்லையாம். அவருடைய சாஸ்திரம் ரொம்பச் சுருக்கம். ஒருவர் பெயரைச் சொல்லி மந்திர நூலை விளக்கில் காட்டுவார். நூல் அணைந்துவிட்டால் அவர் உத்தமர். முழுக்க எரிந்துவிட்டால் அவரிடம் தோஷம், ஆளை அனுப்பிவிட வேண்டும். அனுப்புவதற்கு ஒரு கழிப்பு பூஜை, புது ஆள் வந்தால் ஒரு வரவேற்பு பூஜை. இரண்டு வருஷத்தில் மூன்று கோச் மாறிவிட்டார்கள். பூஜை எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டீமை எடுப்பதும் சித்தர்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பதினோரு பெயர் வரும், எல்லாம் நட்சத்திரப் பொருத்தம் பார்த்தது. கோல் போடத் தெரிந்த ஒரே பையன் விஷால். அவனுக்கு அஷ்டமச் சனி என்று சொல்லி மூன்று ஆட்டமாக வெளியே உட்காரவைத்தார்கள். கோல்கீப்பராக வந்தவனுக்கு நட்சத்திரம் அருமையான நட்சத்திரம், பந்தைக் கண்டால்தான் பயம். அவன் குனிந்துகொண்ட அழகில் எங்களுக்கு விழுந்த கோல் பதினாறு. இத்தனைக்கும் பழி யார் மேல்? கோச் மேல்.

ஜோசுவா வியாசர்பாடிக்காரர். ஐயம்பேட்டையில் வாடகைக்கு வீடு பிடித்து, மகளை இங்கேயே பிளஸ் டூவில் சேர்த்திருந்தார். அன்று காலை சித்தர் மைதானத்துக்கு வருவதற்கு முன் குப்புசாமியிடம் வந்து நின்றார்.

“தலைவரே, நா சரியில்லன்னா தூக்குங்க. ரெண்டு மேட்ச்ல ஆட்டத்துக்கு நடுவுல ஆள் மாத்துனது என் தப்புதான், ஒத்துக்கறேன். கமிட்டி உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க, போயிடறேன். ஆனா ஒரு நூலப் பாத்து தூக்காதீங்க. எம்பொண்ணுக்கு மார்ச்ல பரீட்சை. நடுவுல வேற ஊருக்கு எங்க இட்டுக்கினு போவேன்?”

“நா இன்னா பண்றது கோச்சு,” என்றார் குப்புசாமி. “ஜனங்க ஆளத் தூக்குன்றாங்க. சாமி வாக்கு எப்டி வருதோ அப்டி.”

“டீமு எடுக்கறது அவரு. தோத்தா போறது நானா?”

குப்புசாமி அதற்குள் கையைக் கூப்பிக்கொண்டு நகர்ந்துவிட்டார். சித்தர் வந்துவிட்டாரே.

நடு மைதானத்தில் மேடை. சித்தர் கையில் மரப்பெட்டி. பூஜைக்கு ஒத்தாசை செய்யக் கடையிலிருந்து காயத்ரியை வரச் சொல்லியிருந்தார் முதலாளி. காயத்ரி எட்டு வருஷமாகப் புடவை கவுன்டரில் நிற்பவள். சித்தருக்குப் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். முதலில் ஆட்டக்காரர்கள் பதினோரு பேர். சித்தர் பெட்டியிலிருந்து நூலை எடுப்பார், விளக்கில் காட்டுவார். நூல் சுருங்கி, கருகி, அணைந்துவிடும். “உத்தமன்” என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பந்தைக் கண்டு பயப்படுகிற கோல்கீப்பரும் உத்தமன்தான்.

கடைசியில் ஜோசுவா பெயர். நூல் குபுக்கென்று பிடித்து, சித்தரின் விரல் வரைக்கும் எரிந்து ஏறியது. அவர் உதறினார். இரண்டாயிரம் பேரும் “ஐயோ” என்றார்கள். என் கை தன்னால் கும்பிட்டது, வெட்கத்தோடு சொல்கிறேன்.

“தோஷம் இவன் கிட்டதான் இருக்குது,” என்றார் சித்தர். “இன்னைக்கே அனுப்பு.”

ஜோசுவா கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“மொதலாளி, ஒரு நிமிஷம்,” என்றாள் காயத்ரி. “இது பட்டு இல்ல.”

“எதும்மா?”

“கோச் பேருக்கு எரிச்ச நூலு. மொதல்ல எரிச்சதெல்லாம் முடி பொசுங்குன நாத்தம் வந்துச்சு. இது பேப்பர் எரிஞ்ச நாத்தம். பட்டு நெருப்ப வுட்டு எடுத்தா தானா அணையும், இது ஆர்ட் சில்க், போலிப் பட்டு, நிக்காம எரியுது. தெனம் இருபது பேருக்கு நா கொளுத்திக் காட்டறது இதத்தான.”

குப்புசாமியின் முகம் மாறியது. முப்பது வருஷத் தொழில் மூக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“பொண்ணே, இது மந்திர நூல். உன் கடை நூல் இல்ல,” என்றார் சித்தர்.

“சரிங்க சாமி. பெட்டில ரெண்டு பக்கம் நூல் வெச்சிருக்கீங்க. உத்தமனுக்கெல்லாம் வலது பக்கம் எடுத்தீங்க, கோச்சுக்கு மட்டும் இடது பக்கம். இப்ப இடது பக்கத்துலருந்து ஒன்னு எடுத்து எங்க மொதலாளி பேரச் சொல்லிக் கொளுத்துங்க.”

“அது ஆகாது.”

“அப்ப நானே கொளுத்தறேன்.”

பெட்டியில் கையை விட்டு எடுத்துவிட்டாள். “குப்புசாமி” என்று பெயரைச் சொல்லி விளக்கில் காட்டினாள். நூல் குபுகுபுவென்று முழுக்க எரிந்தது. வலது பக்கத்து நூலை எடுத்து “ஜோசுவா” என்றாள். கருகி அணைந்தது. மறுபடி இடது பக்கம். “கோல்போஸ்ட்” என்றாள். பாவம், கோல்போஸ்ட்டுக்கும் தோஷம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. மைக் வேறு கையில் இருந்தது. “பொதுமக்கள் கவனத்துக்கு. சாமியின் சாஸ்திரப்படி தலைவர் குப்புசாமியும் வடக்குப் பக்கத்து கோல்போஸ்ட்டும் உடனடியாக நீக்கப்படுகிறார்கள்.”

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மைதானமே சிரித்தது.

“தீட்டு,” என்றார் சித்தர். “பொம்பள கை பட்டுடுச்சு. பலன் மாறிடுச்சு.”

“அப்ப நீங்களே கொளுத்துங்க. கண்ண மட்டும் கட்டிக்குங்க. எந்தப் பக்கம்னு தெரியாம எடுங்க. மந்திரத்துக்குத் தெரியும் இல்ல?”

சித்தர் கண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை. பெட்டியைக் கட்டினார். அப்போதுதான் வாலாஜாபாத் வேனில் வந்திருந்த ஒருவர் அவரை உற்றுப் பார்த்தார். “யோவ், நீ பைக்ல புடவ விக்க வந்த அப்பாதுரை இல்ல? ஓரத்துல ஒரு முழம் பட்டு வெச்சுத் தெச்சு, அதக் கொளுத்திக் காட்டிட்டு, எம்பொண்டாட்டிக்கு ஆர்ட் சில்க்க வித்துட்டுப் போனியே.”

சித்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவைப் பார்க்க ஓடினார். டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. “காச மொதல்ல குடு சாமி” என்றார். அன்றைக்கு வந்த இரண்டாயிரம் பேரில் கேட்கவேண்டியதைச் சட்டென்று கேட்டவர் அவர்தான்.

குப்புசாமி ஜோசுவாவின் கையிலிருந்த விசிலை வாங்கி அவர் கழுத்திலேயே மாட்டினார்.

“முப்பது வருஷமா பட்டு விக்கறேன் கோச்சு. எம்மூக்குக்கு ஏன் தெரியல?”

“மூக்குக்குத் தெரிஞ்சிருக்கும் தலைவரே. நீங்க கும்பிட்டுக்கினு இருந்தீங்க. இனிமே டீம நா எடுக்கறேன். அப்பவும் தோத்தா தூக்குங்க, வாயத் தொறக்க மாட்டேன்.”

விஷால் உள்ளே வந்தான். நல்ல நட்சத்திரம் வெளியே உட்கார்ந்தது. மீதி ஐந்து ஆட்டத்தில் இரண்டு வெற்றி, ஒரு டிரா, இரண்டு தோல்வி. கடைசிக்கு முந்தின இடம். கீழே போகாமல் தப்பித்தோம். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. கோல் போடத் தெரிந்தவனை ஆடவிட்டால் கோல் விழுகிறது, அவ்வளவுதான். கோச்சின் மகள் இங்கேயே பரீட்சை எழுதினாள்.

இத்தோடு ஊருக்குப் புத்தி வந்தது என்று முடிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் போன வாரம் கடைக்குப் போனால் காயத்ரியின் கவுன்டரில் ஒரு வரிசை நிற்கிறது. முன்னால் நின்றவர் வாலாஜாபாத் பெரியநாயகி அம்மாள், கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்.

“உன் கை ராசியான கையாம்மா. எம்பொண்ணுக்குப் பாத்திருக்கற மாப்பிள பேருக்கு ஒரு நூல் கொளுத்திப் பாரேன்.”

காயத்ரி தலையில் அடித்துக்கொண்டாள். “இது புடவ அசலான்னு சொல்லும்மா, அவ்ளோதான். மாப்பிள எப்டின்னு அவரு வேல பாக்கற எடத்துல போய் விசாரிங்க.”

பெரியநாயகி அம்மாள் யோசித்தார். பிறகு, எடுத்து வைத்திருந்த புடவையின் முந்தானையிலிருந்து தானே ஒரு இழையை உருவி நீட்டினார். “சரி, இதயாவது இன்னொரு வாட்டி கொளுத்திக் காட்டு. மொதல்ல காட்டுனது எனக்கு நம்பிக்கையா இல்ல.”

ஆறு கெஜம் துணிக்கு இத்தனை சந்தேகப்படுகிற புத்திசாலிகளே, அடுத்த சாமியார் வருகிறபோதும் அதே தீக்குச்சியை ஒரு தரம் கிழித்துப் பாருங்களேன்.