புயல் பலகைக்குப் பின்னால் ஒரு தலைவர்

கதவைத் திறந்த பிறகும் அப்துல் மஜீதால் வெளியே போக முடியவில்லை. நெற்றி எதிலோ மோதியது. தெரு பளிச்சென்று தெரிந்தது. தெருவுக்குப் போகத்தான் வழியில்லை.

“ஆசியா! இந்தக் காதர் மைதீன் வாசக்கதவுக்கும் பலகையை மாட்டிட்டுப் போயிட்டான்!”

“நீங்கதானே ஒரு சந்துகூட விடாதேன்னு சொன்னீங்க?” என்றார் மனைவி ஆசியா, அடுப்படியிலிருந்து.

சொன்னது அவர்தான். கஜா புயலில் முத்துப்பேட்டை வீட்டின் ஜன்னல்கள் பறந்து போனதைக் கேட்டு, மகன் ஜாஃபர் சாதிக் ஃபுளோரிடாவிலிருந்து கப்பலில் புயல் பலகை அனுப்பியிருந்தான். கண்ணாடி மாதிரித் தெளிவான, தடித்த பிளாஸ்டிக். வெளியே நின்று போல்ட் போட்டு முறுக்க வேண்டும். அடுத்த புயல் வருகிறது என்று நேற்று டிவி அலறியதும், வெல்டிங் பட்டறை காதர் மைதீன் வந்து ஜன்னல், வாசல் எல்லாவற்றையும் மூடி, ஓரத்துக்கு ரப்பர் வைத்து இறுக்கினான். கொல்லைப் பக்க வேலையை ஆசியா கூடவே நின்று பார்த்துக்கொண்டார். அவன் அதோடு பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டான்.

புயலோ முத்துப்பேட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆந்திராவுக்குப் போய்விட்டது.

“கொல்லைப் பக்கம்?” என்றார் மஜீது.

“அங்கேயும் அடைச்சாச்சு.”

போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அடுப்படியைத் தாண்டியும் வீடு உண்டு என்பதை அவர் ஆசியா சொல்லித்தான் அறிவார்.

இன்றைக்கு வர்த்தகர் சங்கத் தலைவர் தேர்தல். கையைத் தூக்கி ஓட்டுப் போடுவார்கள்; நேரில் வராதவர் போட்டியிலேயே இல்லை. எதிரே நிற்பவர் செருப்புக்கடை அப்துல் அஜீஸ். அவரைத் தோற்கடிக்க மஜீது ஒரு வருஷமாகக் கடைகடையாக ஏறி டீ குடித்து வயிற்றைப் புண்ணாக்கி வைத்திருந்தார். சவூதியில் தம்மாம் ஊரில் வேலை பார்த்தபோதாவது லீவுக்கு வீட்டில் இருந்தார். ஊர் திரும்பிய பிறகு அதுவும் இல்லை. ஆசியாவுக்குப் பேச்சுத்துணை என்றால் மீன்காரி அம்சவல்லிதான்.

போன் செய்யலாம் என்றால், நேற்றே கரண்டை நிறுத்திவிட்டார்கள். ராத்திரி பூராவும் ஊருக்கெல்லாம் புயல் செய்தி சொல்லியே மஜீதின் போன் உயிரை விட்டிருந்தது. “என் போனும் செத்துப்போச்சு,” என்றார் ஆசியா.

எதிர்வீட்டு ராமச்சந்திரன், ரிட்டயரான கணக்கு வாத்தியார், வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

“சார்! சார்! திறந்து விடுங்க!”

ரப்பர் நல்ல ரப்பர். சத்தம் வெளியே போகவில்லை. வாத்தியார் கும்பிட்டார்.

மஜீது மார்க்கர் பேனாவால் பலகையிலேயே கொட்டை எழுத்தில் “திறங்க” என்று எழுதினார். வெளியிலிருந்து பார்த்தவருக்கு அது வலமிருந்து இடமாகத் தெரிந்தது. வாத்தியார் பயபக்தியோடு செருப்பைக் கழற்றினார். பக்கத்தில் வந்து நின்றவரிடம், “புயல் வராம இருக்கப் பாய் அரபியில எழுதி வெச்சிருக்கார். பலிச்சிடுச்சு பாருங்க!” என்றார்.

மஜீது கையை முறுக்கி முறுக்கிக் காட்டினார். இதுமட்டும் வாத்தியாருக்கு உடனே புரிந்தது. வீட்டுக்குள் ஓடி ஸ்பேனரோடு வந்தார். மஜீது அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள், லூசாக இருந்த ஒன்றிரண்டு போல்ட்டுகளையும் இறுக்கிவிட்டு, ‘சரிதானே?’ என்று தலையாட்டினார்.

“பாவி மனுஷா!”

வாத்தியார் சிரித்த முகத்தோடு கும்பிட்டுவிட்டு ஸ்பேனரைக் கொண்டுபோய் வைத்தார்.

இனிப் பொறுக்க முடியாது என்று மஜீது அம்மிக்குழவியைத் தூக்கி வந்து பலகையில் ஓங்கி அடித்தார். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. குழவி எகிறி அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது. அவர் ஒற்றைக்காலில் குதித்தார். அதற்குள் தெருவில் கூடியிருந்த கூட்டம் கைதட்டியது.

“ஃபாரின் சரக்குன்னா இதுதான்! பாய் எப்படி அடிச்சுக் காட்டுறார் பாரு!”

கோபத்தில் தலையாலும் முட்டினார். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். கூட்டத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு அப்துல் அஜீஸும் நின்றார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் பாராட்டிவிட்டு, சங்கக் கட்டடத்துப் பக்கம் நடையைக் கட்டினார். கூட்டமும் பின்னாலேயே போனது. மிட்டாய்க்கடை அலமாரியில் விற்காமல் போன லட்டு மாதிரி மஜீது உள்ளே நின்றார்.

“வந்து உட்காருங்க,” என்றார் ஆசியா. சுடச்சுடச் சோறும் கொடுவா மீன் குழம்பும் வைத்தார். துக்கத்திலும் மஜீது மூன்று துண்டு சாப்பிட்டார்.

பிறகு அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தைலம் தேய்த்துவிட்டார் ஆசியா. பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்த கதையைச் சொன்னார். மஜீதுக்கு அது புதுச் செய்தி.

“எப்ப முளைச்சுது?”

“போன மாசமே. சொல்லலாம்னு பார்த்தா நீங்க எங்க வீட்டுல இருக்கீங்க?”

மஜீதுக்கு வெட்கமாக இருந்தது.

“மத்தியானத்துல நீ தனியாத்தான் சாப்பிடுவியா?”

“வேற யாரு இருக்கா?”

அவர் பெருமூச்சு விட்டார்.

“போவட்டும் விடு, ஆசியா. தலைவர் பதவி எனக்கு இல்லேன்னு அந்த அல்லாஹ்வே முடிவு பண்ணிட்டான். இல்லேன்னா ஒரு வீட்டுல எல்லா வழியும் ஒண்ணா அடைபடுமா?”

ஆசியா இன்னும் கொஞ்சம் தைலம் எடுத்தார்.

அப்போது கொல்லைப் பக்கத்திலிருந்து அம்சவல்லியின் குரல் கணீரென்று வந்தது:

“அக்கா! அஜீஸ் பாய் தலைவராயிட்டாராம். இனிமே கொல்லைக் கதவைத் திறந்தே போட்டுடவா?”