கரையை ஏற்றுக்கொண்ட அரசு

வரைபடத்தில் எவ்வளவு தேடினாலும் அகப்படாத நாடு மேகலாபுரி. அதற்கு ஓர் அரசர் உண்டு, அரசருக்கு ஒரு மந்திரிசபை உண்டு, அந்தச் சபையில் சொல் அமைச்சர் என்று ஒருவரும் உண்டு. ஊரில் பிரச்சினை எது கிளம்பினாலும், அரசு அதை என்ன செய்கிறது என்பதற்கு நல்ல கம்பீரமான சொல்லாக எடுத்துக் கொடுப்பது அவர் உத்தியோகம். அதைச் செய்வது யார் என்று கேட்டுவிடாதீர்கள். அந்தத் துறை இன்னும் தொடங்கப்படவில்லை.

அமைச்சர் எடுத்த சொல்லைத் தமுக்கடித்து ஊருக்கு அறிவிப்பவன் வைரவன். பெரிய ஏரிக்கரைக்கு நேர் கீழே அவன் வீடு. மனைவி செல்லாத்தா, இப்போதுதான் ஓடப் பழகிய ஒரு மகள்.

அடைமழையில் ஏரி தளும்பி, கரையில் கை நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டது. தெருவே மண்வெட்டியோடு கிளம்பியது. வைரவன்தான் குறுக்கே நின்றான்.

"இருங்கப்பா, அரசாங்கம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? அமைச்சர் காதுல ஒரு வார்த்தை போட்டுட்டு வந்துடறேன்."

அமைச்சர் கண்ணை மூடித் திறந்தார். "விரிசலை அரசு ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொண்டபின் அது அரசின் உடைமை. இனி வேறு எவரேனும் அதில் கை வைத்தால் திருட்டுக் குற்றம்."

வைரவன் தொண்டை கிழியக் கூவினான். ஜனங்கள் கைதட்டிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

விரிசலோ யாரையும் சட்டை செய்யவில்லை. தண்ணீர் கசியத் தொடங்கியது. வைரவன் மறுபடி ஓடினான்.

"அதுதான் ஏற்றுக்கொண்டோமே?" என்றார் அமைச்சர்.

"ஏத்துக்கிட்டீங்கய்யா. ஆனா தண்ணி கசியுதுங்களே!"

"அப்படியானால் அந்தச் சொல் நைந்துவிட்டது. ஒரே சொல்லை இரண்டு தடவை சொன்னால் அரசு சும்மா இருக்கிறது என்பார்கள். இனி நாம் எதிர்கொள்கிறோம்."

எதிர்கொள்வதற்கு விழா வேண்டாமா? கரைமேல் மேடை எழும்பியது. பந்தக்காலுக்காகக் கரையிலிருந்த கருவேல மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள்.

"ஐயோ, கரையைப் பிடிச்சு வச்சிருக்கிறதே அந்த வேர்தானுங்களே!" என்றான் வைரவன்.

"மரம் நின்றால் மேடை மறைக்கும்" என்றார் அமைச்சர், மிகுந்த பொறுமையோடு.

அடுத்து வந்த சொல் 'கையாள்கிறோம்.' அதற்கு அலங்கார வளைவுகள் நட, கரை நெடுகக் குழி தோண்டினார்கள். மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலிங்கையும் அடைத்தார்கள். தண்ணீரைத் திறந்துவிட்டால் அரசு பயந்துவிட்டது என்று பக்கத்து நாட்டான் சிரிப்பானாம்! வைரவன் அடைபட்ட கலிங்கை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஆனாலும் தமுக்கை அடித்தான். பழகிப்போன கை.

வீட்டில் செல்லாத்தா அவனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "வாய் வலிக்கக் கத்துறீங்களே, ஒரு கூடை மண்ணு போட்டீங்களா? பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு நான் தூங்குறதா வேண்டாமா?"

"பெரியவங்க யோசிக்காமயாடி செய்வாங்க?"

அவளே கூடையில் களிமண் சுமந்து கரையேறினாள். காவலர்கள் மண்ணை ஏரிக்குள் கொட்டிவிட்டு, அரசு உடைமையில் கை வைத்ததற்காகக் கூடையைப் பறிமுதல் செய்தார்கள். அதைக் கேட்டபோதுதான் வைரவனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. போயும் போயும் ஒரு கூடை மண்ணுக்கா?

நான்காவது சொல்லை வாங்க அவன் அரண்மனையில் காத்து நின்ற காலையில் கரை உடைந்தது.

அமைச்சரின் படகிலேயே திரும்பி வந்தான். தெரு இருந்த இடத்தில் செந்நிறத் தண்ணீர் சுழித்து ஓடியது. தப்பியவர்கள் சாவடி மாடியில் நனைந்து நின்றார்கள். படகு அங்கே அணைந்தது.

"விரிசல் எங்கே?" என்று கேட்டார் அமைச்சர்.

"கரையே இல்லீங்கய்யா."

"ஆக, விரிசலும் இல்லை. வென்றுவிட்டோம். அறிவி! அடுத்தது, தண்ணீரில் சிக்கியோர் பிரச்சினை. அதை அரசு இந்த நிமிடம் ஏற்றுக்கொள்கிறது."

மாடியில் ஏறி நின்று வைரவன் அறிவித்தான். வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போக, கண் மட்டும் கூட்டத்தில் இரண்டு முகங்களைத் தேடிக்கொண்டிருந்தது. கூட்டம் கைதட்டியது.

அந்தக் கைதட்டல் ஓய்ந்ததும்தான் குரல் கேட்டது. கூப்பிடு தூரத்தில், தண்ணீருக்குமேல் தலைகாட்டிய புளியமரக் கிளையில் செல்லாத்தா. இடுப்பில் குழந்தை. "ஏங்க! கிளை முறியுதுங்க!"

தமுக்கை வீசிவிட்டு வைரவன் பாய்ந்தான். நாலைந்து கைகள் அவனை இறுக்கிப் பிடித்தன. காவலர் என்று நினைத்துத் திமிறித் திரும்பியவன் அப்படியே உறைந்துபோனான். அத்தனையும் அவன் தெருக்காரர்கள். அன்று மண்வெட்டியோடு கிளம்பினவர்கள்.

"பொறு வைரவா, பதறாத" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், உண்மையான பரிவோடு. "இப்பத்தானே ஏத்துக்கிட்டாங்க. எதிர்கொள்ளக்கூட இல்லையே, அதுக்குள்ள நாம போய்க் கை வைக்கலாமா?"